முதல் பஸ்ஸுக்கு முன் விழுந்த மண்

மற்ற ஊர்களில் தூசி என்றால் துடைப்பத்துக்கு அடங்கும். அந்த மலைச்சாலையில் தூசியை அள்ள லாரி வேண்டும்.

விஷயம் வேறொன்றுமில்லை. இரவில் மலையிலிருந்து மண்ணோ கல்லோ சாலையில் விழுந்து கிடந்தால், அதைக் காலை ஆறரை மணி முதல் பஸ் வருவதற்குள் அள்ளித் தள்ள முடிந்தால் அதற்குப் பெயர் தூசி. முடியாவிட்டால்தான் சரிவு. சரிவு என்ற வார்த்தை சாலை டைரியில் ஏறிவிட்டால் தொலைந்தது. விதிப்படி மலைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கேட்டையும் இறக்கிவிட வேண்டும். நகரத்திலிருந்து இன்ஜினியர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தூக்கலாம். இன்ஜினியருக்கு அன்றைக்கு ஜீப் இருக்காது. ஜீப் இருந்தால் மீட்டிங் இருக்கும். ஒரு கூடை மண்ணுக்காக ஊரே இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் எந்தக் காலத்திலோ யாரோ ஒரு மேஸ்திரி அந்தக் கூடை மண்ணைத் தூசி என்று சொல்லி ஓரமாகத் தள்ளிவிட்டிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கொஞ்சம் மூளை உள்ள யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அவருக்குப் பின் நாலைந்து மேஸ்திரிகள் வந்து போய்விட்டார்கள். இப்போது இருப்பவர் டைரியக்காவின் புருஷன்.

டைரியக்கா என்பது ஊர் வைத்த பெயர். மலையடிவாரத்தில், கீழ்க் கேட்டை ஒட்டியிருக்கும் சாலைப் பிரிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக டைரி எழுதுகிறாள். ஐம்பத்துமூன்று வயது. கையெழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். காலை ஆறு மணிக்கு அலுவலகத்தைத் திறந்து, ஸ்டவ்வில் டீயைப் போட்டுவிட்டு, போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். ஆறேகாலுக்கு மலை மேலிருந்து மேஸ்திரி கூப்பிடுவார். புருஷன் பெண்டாட்டிப் பேச்செல்லாம் அதில் கிடையாது. "தூசி" என்பார். அவள் "சரி" என்று வைத்துவிட்டு, "சாலை சீராக உள்ளது" என்று எழுதி, ஜன்னல் வழியே கேட்டுக்காரரைப் பார்த்துத் தலையாட்டுவாள். அவர் கேட்டைத் தூக்குவார், பஸ் உறுமிக்கொண்டு ஏறும்.

அந்த ஒற்றை வார்த்தை வீட்டுக்குள்ளும் வந்து குடியேறிவிட்டது. மகள் பள்ளிக்கூடத்தில் கணக்கில் கோட்டை விட்டபோது மேஸ்திரி தூசி என்றார். தனக்கு முழங்கால் வீங்கி நடக்க முடியாமல் கிடந்தபோதும் தூசி என்றார். டைரியக்கா ஒருதரம் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய் ஒன்பது நாள் இருந்ததுகூட அவர்கள் இருவருக்கும் இடையில் தூசிதான். வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி.

இருபத்துமூன்று வளைவுகள் கொண்ட சாலை அது. காலண்டர் அடிக்கிறவர்கள் எந்த வருஷமும் அதை விட்டதில்லை. ஒரு பக்கம் வானத்துக்கு ஏறும் பாறை, மறுபக்கம் கீழே நீலமாக ஏரி, நடுவில் ஒரு பஸ்ஸும் ஒரு காரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிப் போகும் அகலம். அழகாக இருப்பதற்கும் ஆபத்தாக இருப்பதற்கும் காரணம் ஒன்றேதான், மலை அவ்வளவு செங்குத்து. ஆனால் போட்டோ எடுக்க வருகிறவர்களிடம் அதைப் போய் யார் சொல்வது?

பதினோராம் வளைவில் காட்சி மிகப் பிரமாதம். அங்கேதான் டைரியக்காவின் மகளும் மருமகனும் ஆறு அறைகள் வைத்து ஒரு விடுதி கட்டியிருந்தார்கள். நாலு வருஷம் ஓடாய் உழைத்துக் கட்டியது. கல்லை மருமகனே சுமந்தான், சுவருக்கு மகளே வண்ணம் பூசினாள். ஆறு அறைகளுக்கும் ஏரியைப் பார்த்துப் பெரிய பெரிய ஜன்னல்கள். பின்பக்கம் ஜன்னலே வைக்கவில்லை. பின்பக்கம் வெறும் மலைதானே, அதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்றான் மருமகன்.

முந்தின வருஷம் பதினெட்டாம் வளைவில் ஒரு பஸ் நீளத்துக்குச் சாலை, தடுப்புச் சுவரோடு சேர்ந்து ஏரிக்குப் போய்விட்டது. நல்லவேளை, அந்த நேரம் அதன்மேல் யாரும் இல்லை. அது டைரியில் அந்த வருஷத்தின் நாலாவது சரிவாக ஏறியது. மலைப்பக்கமாகக் குடைந்து எப்படியோ வழி விட்டார்கள். ஆனால் அதற்குள் அரசாங்கத்துக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஒரு கமிட்டி போட்டார்கள். வந்த கோப்பின் மேல் "மலைச்சாலையைக் கைவிடுவது குறித்து" என்று எழுதியிருந்தது. ஏரியைச் சுற்றிச் சமதரையில் ஏற்கெனவே ஒரு குறுகலான ரோடு இருக்கிறது. அதை அகலமாக்கினால் மலைக்கு மேலே இருக்கும் ஊருக்கு அந்த வழியாகவே பஸ் விடலாம், இரண்டு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். ஒன்பதாம் வளைவுக்கு மேலே சாலையைக் காட்டிடமே விட்டுவிடலாம்.

கோப்பின் தலைப்பைப் படித்துவிட்டு மேஸ்திரி கொதித்துப்போனார். பொண்டாட்டி பிள்ளையைக் கைவிடுகிறவனைப் பார்த்திருக்கிறேன், ரோட்டைக் கைவிடுகிறவனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். முப்பத்தோரு வருஷம் அந்தச் சாலையில் நின்ற மனிதர். ஒவ்வொரு வளைவையும் பெற்ற பிள்ளையைத் திட்டுகிற மாதிரி தனித்தனியாகத் திட்டத் தெரிந்தவர்.

கமிட்டி ஒரு மண் ஆய்வு அதிகாரியை அனுப்பியது. முப்பது வயது தாண்டாத பெண். எப்போதும் நனைந்த ஷூ, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. விரிசலில் தண்ணீர் ஊற்றிவிட்டு அது எங்கே போகிறது என்று அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து பார்ப்பாள். மேஸ்திரியின் ஆட்கள் முதல் நாளே அவளுக்கு மண்ணு மேடம் என்று பெயர் வைத்தார்கள். அவளுக்கு அது தெரிந்து, போனை எடுத்தாலே "மண்ணு மேடம் பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்ததும், அவர்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஒரு மாதம் தங்கினாள். தங்கியது பதினோராம் வளைவு விடுதியில்தான். மகள் தன் விடுதியிலேயே நல்ல அறையை அவளுக்குக் கொடுத்தாள்.

பகலெல்லாம் மலை, சாயங்காலமானால் டைரிகள். இருபத்திரண்டு வருஷ டைரிகளையும் ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து முடித்த அன்று அவள் முகம் தெளிந்திருந்தது. மலை விழுவது பெரிய விஷயமில்லை, எல்லா மலையும் விழும், வருஷத்துக்கு வருஷம் அதிகமாக விழுகிறதா என்பதுதான் கேள்வி என்று டைரியக்காவுக்கு விளக்கினாள். அதிகமாகிக்கொண்டே போனால் மலை உள்ளுக்குள் நகர்கிறது என்று அர்த்தம், அதை எந்தச் சுவரும் பிடித்து நிறுத்தாது. இங்கே அப்படி இல்லை. மூன்று, ஐந்து, நாலு, நாலு என்று இருபது வருஷமாக ஒரே சீர். வலை கட்டி வாய்க்கால் வெட்டினால் போதும்.

"உங்க டைரிதான்க்கா இந்த ரோட்டக் காப்பாத்தப் போகுது" என்றாள்.

ஒரே ஒரு சான்றிதழ் மட்டும் வேண்டும். விழுந்த மண் அத்தனையும் இந்த டைரிகளில் பதிவாகியுள்ளது என்று எழுதியவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அடுத்த வாரம் போகும்போது வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

செய்தி ஊருக்குள் போக எவ்வளவு நேரம் ஆகும்? டைரியக்கா வீட்டுக்குப் போவதற்குள் டீக்கடைக்காரர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். மகள் மலையிலிருந்து இறங்கி வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மேஸ்திரி மட்டும் அவளிடம் காட்டிக்கொள்ளாமல், தன் பெண்டாட்டியின் கையெழுத்து தன்னை விட நன்றாக இருக்கும் என்பதைப் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு மறுநாள்தான் டைரியக்கா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அதுவும் தன்னிடமே.

மதியச் சாப்பாட்டை அதிகாரியும் அவளும் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரி பழைய வரைபடம் ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் அறுபது அடிப் பள்ளம் என்று போட்டிருக்கிறதே, வரைபடம் தப்பா என்று கேட்டாள்.

"பள்ளம்தான் மேடம். தூசி கொட்டிக் கொட்டி மேடாயிடுச்சு."

அதிகாரி சிரித்துவிட்டாள். உங்கள் ஊரில் அவ்வளவு காற்றா என்று கேட்டுவிட்டு வரைபடத்தை மடித்தாள். டைரியக்கா மைதானத்தைப் பார்த்தாள். அறுபது அடிப் பள்ளம் மைதானமாகியிருக்கிறது. அதற்கு அடுத்த பள்ளம் பஸ் நிலையம். அதற்கும் அப்பால், கார்கள் நிறுத்தும் இடம் போன வருஷம்தான் தரையோடு தரையாக வந்தது. வருஷத்துக்கு நாலு சரிவு விழுகிற மலையில் இத்தனை மண் எங்கிருந்து வந்தது? இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் அந்த மைதானத்தைத் தாண்டித்தான் வேலைக்கு வருகிறாள். ஒருநாளாவது தோன்றியிருக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம், தலைவலி மாத்திரையை மேசையில் மறந்துவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனாள். இரும்பு அலமாரியில் லாரி நடைச் சீட்டுகள் இருந்தன. ஒவ்வொரு நடைக்கும் டிரைவர் ஒரு சீட்டுக் கிழித்துத் தருவார். எத்தனை மணி, எந்த வளைவு, எத்தனையாவது நடை. மாதத்துக்கு ஒரு கட்டாக நூல் கட்டி அடுக்கிவைப்பது அவள் வழக்கம். யாரும் கேட்டதில்லை, அவளும் பிரித்ததில்லை. இப்போது பிரித்தாள். ஆறரை மணிக்கு முந்தின சீட்டுகளை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் அப்படி இருந்தது பத்தொன்பது காலை. ஒரு நடை, மிஞ்சினால் இரண்டு. ஏழு வருஷத்துக்கு முன் அலுவலகத்துக்கு மண் அள்ளும் லோடர் வந்தது. மாலை போட்டு, போட்டோ எடுத்து, பத்திரிகையில்கூட வந்தது. பத்து ஆள் அரை நாள் அள்ளுவதை அது அரை மணியில் அள்ளியது. முன்பெல்லாம் முதல் பஸ்ஸுக்குள் முடிக்க முடியாமல் சரிவு என்று டைரியில் ஏறியிருக்கும் மண் எல்லாம், அது வந்த பிறகு நேரத்தோடு ஒதுங்கித் தூசியாகிவிட்டது. மலை எவ்வளவு கூட விழுந்ததோ அவ்வளவுக்கு லோடர் வேகமாக அள்ளியது. டைரி அதே நாலில் நின்றது. போன வருஷம் மட்டும் தூசி விழுந்த காலைகள் நூற்று இருபத்தேழு. ஒரு காலையில் பதினோரு நடை. அந்த நூற்று இருபத்தேழில் நாற்பத்தொன்று பதினோராம் வளைவு.

திரும்பவும் ஒருதரம் எண்ணினாள். நாற்பத்தொன்றேதான்.

வீட்டுக்கு வந்தபோது மேஸ்திரி வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்லக் கேட்டார். பிரஷ்ஷை மட்டும் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பொய் சொன்னேன்கிறியா?" என்றார் கடைசியில்.

"நான் அப்படிச் சொல்லலைங்க."

"நெஞ்சுல கை வெச்சுச் சொல்றேன், ஒருநாள் பொய் சொன்னதில்ல. தூசின்னா தூசிதான். இத்தன வருஷத்துல என் ரோட்டுல ஒரு ஆளுக்கு ஒரு கீறல் உண்டா? சொல்லு."

"அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு. நீங்க அவ்வளவு சுத்தமா அள்ளிட்டீங்க."

அவர் பூட்ஸைக் கீழே வைத்தார். தன் வேலையைப் பாராட்டுகிறாளா, பழிக்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கும் பிடிபடவில்லை. சீட்டெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். சாப்பிட வரவில்லை.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு எதிலும் கை ஓடவில்லை. மகளிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள், விடுதியின் பின்சுவர் எப்படி இருக்கிறது என்று. ஈரம் கசிகிறது, அலமாரியை இழுத்து மறைத்து வைத்திருக்கிறோம் என்றாள் மகள், சாதாரணமாக. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவளும் மேஸ்திரி வீட்டில் வளர்ந்தவள்தானே, தூசி என்றால் என்ன என்று அவளுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

"இப்பதாம்மா ஆள் வர ஆரம்பிச்சிருக்கு" என்றாள். "ரெண்டு வருஷம் போகட்டும். அப்புறம் மூடினா மூடிக்கட்டும். ரெண்டே வருஷம்மா."

யாரிடம் கேட்கிறாள் இந்தப் பெண் என்று இருந்தது டைரியக்காவுக்கு. அம்மா இரண்டு வருஷம் கொடுப்பாள். அள்ளியே கொடுப்பாள். மலை கொடுக்க வேண்டுமே.

அதிகாரி கிளம்புகிற நாள் காலையில் பையெல்லாம் கட்டிக்கொண்டு, ஜீப்பை வாசலில் நிறுத்திவிட்டு வந்தாள். சான்றிதழை மேசையில் வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். டைரியக்கா பேனாவைத் திறந்தாள். மூடினாள்.

"மேடம், எவ்வளவு விழுந்தா சரிவு?"

"எவ்வளவா? ஒரு கூடை விழுந்தாலும் சரிவுதான்க்கா."

டைரியக்கா எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். கட்டுகளை இரண்டு தடவையாகத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள். அதன்மேல் தான் எண்ணி எழுதிய தாளையும் வைத்தாள். அந்த நாலடி நடக்கும்போது அவள் எதையும் பெரிதாக யோசிக்கவில்லை. பின்சுவரை மறைத்து நிற்கும் அந்த அலமாரிதான் கண்ணில் நின்றது. அதன் பக்கத்தில்தான் மகளின் கட்டில்.

அதிகாரி படித்தாள். முதல் பக்கத்தில் அவள் நெற்றி சுருங்கியது, மூன்றாவது பக்கத்தில் முகத்தில் ஈயாடவில்லை.

"இதெல்லாம் ஏன்க்கா டைரியில இல்ல?"

"டைரியில சரிவுதான் மேடம் எழுதுவோம். இது தூசி."

சொல்லி முடித்ததும்தான் வெளி ஆள் காதில் அது எப்படி விழும் என்று அவளுக்கே கேட்டது. கூசிப்போனாள். அதிகாரி திட்டவில்லை. உட்கார்ந்து கொஞ்சம் டீ கேட்டாள். டீ வந்ததும் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். அவளும் ஒரு மாதம் பதினோராம் வளைவில் தூங்கியவள் அல்லவா.

மூன்று வாரத்தில் ஒன்பதாம் வளைவில் கான்கிரீட் கட்டைகளை வரிசையாக இறக்கிச் சாலையை அடைத்துவிட்டார்கள். விடுதியைக் காலி செய்ய நாலு நாள் கொடுத்தார்கள். மகளும் மருமகனும் தட்டுமுட்டுச் சாமானோடு கீழே வந்து, அம்மா வீட்டின் பின்னறையில் தங்கினார்கள். மேஸ்திரியிடம் ஒரு விசாரணை நடந்தது. யாருக்கும் அடிபடாததால் வேலைக்குச் சேதமில்லை. ஏரி ரோட்டை அகலப்படுத்தும் இடத்துக்கு மாற்றினார்கள். வளைவே இல்லாத ரோட்டில் வண்டிகளுக்குக் கொடி காட்டுகிற வேலை.

அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மட்டும், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுத்திருக்கலாம் என்றார். சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா என்று கேட்டாள். அவர் நேர்மையான மனிதர், உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். மாட்டேன் என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு அவர்களுக்குள் வரவில்லை. மற்ற பேச்சும் அதிகம் வரவில்லை.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் பெய்த மழையைச் சொல்லி மாளாது. ஏரி கரையேறியது, பள்ளிக்கூடத்துக்கு எட்டு நாள் விடுமுறை விட்டார்கள். ஊர் முழுக்கத் தலையைத் தூக்கி மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தது. மலை இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ஏதோ கொஞ்சம் மண் இங்கேயும் அங்கேயும் விழுந்திருக்கலாம். அதை அள்ளவும் ஆளில்லை, எண்ணவும் ஆளில்லை. ஊருக்குத் தெரிகிற மாதிரி எதுவும் விழவில்லை.

கேள்வி அவளிடம்தான் வந்தது. காய்கறி வாங்கப் போனால், "என்னக்கா, ஒரு கல்லாவது விழுந்துச்சா?" என்று கேட்டார்கள். டீக்கடையில் பாதி பெஞ்சு காலி. கடைக்காரர் டீயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரையும் சொல்லிக் குற்றமில்லை. மலைக்குப் போகிற வண்டிகள்தான் அவருக்குச் சோறு போட்டன. வீட்டில் மகள் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தியிருந்தாள். சண்டை போட்டு நிறுத்தவில்லை. "அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்க" என்று புருஷனிடம் சொல்வாள், அம்மா பக்கத்திலேயே நிற்பாள். மருமகன் பாவம், இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரனாகி, "அத்தை, சாப்பிடலாமாம்" என்று சிரித்து மழுப்புவான்.

அந்த ஆசை டைரியக்காவுக்குள் எப்போது வந்தது என்று அவளாலேயே சொல்ல முடியாது. முதலில் கேட்டுக்காரரிடம் தினமும் காலையில், மேலே ஏதாவது விழுந்ததா என்று விசாரித்தாள். இல்லை என்பார். பிறகு, அவர் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் ஒரு சலிப்பு வந்தது. பிறகு மழை வலுத்தால் மனசு லேசானது. விழட்டுமே. ஆள் இல்லாத சாலைதானே, ஆள் இல்லாத கட்டடம்தானே. பதினோராம் வளைவிலேயே விழட்டும். ஆறு அறைகளையும் வாரிக்கொண்டு ஏரிக்கே போகட்டும். அன்றைக்கு மகள் ஓடி வந்து, நீ இல்லாவிட்டால் நான் இருக்கமாட்டேனே அம்மா என்று அழுவாள். இந்தக் காட்சியைப் பாத்திரம் கழுவும்போது பார்ப்பாள், டைரி எழுதும்போது பார்ப்பாள். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லையே, இதில் என்ன பாவம் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வாள். தான் செய்தது சரி என்று சொல்ல அவளுக்கு இந்த உலகத்தில் அந்த மலையை விட்டால் வேறு சாட்சி இல்லை.

மழை விட்டு ஒரு வாரம் வெயில் அடித்தது. விடுதியின் கதவு, ஜன்னல் சட்டங்களைக் கழற்றிக்கொண்டு வர மருமகன் மனு மேல் மனு போட்டுக் கடைசியில் ஒரே ஒரு பகல் அனுமதி வாங்கினான். ஒன்பதாம் வளைவு வரை வேன், அதற்குமேல் கைவண்டி. காலையில் அவனுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது டைரியக்காதான். தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டுப் போனவனைத் தெருமுனை வரை துரத்திப் போய்க் கொடுத்ததும் அவள்தான். சீக்கிரம் வந்துவிடுகிறேன் அத்தை என்று சொல்லிவிட்டுப் போனான்.

பதினொரு மணி இருக்கும். கொல்லையில் அம்மாவும் மகளும் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள், கொடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. அப்போது அந்தச் சத்தம் வந்தது. அடிவயிற்றில் கேட்கிற சத்தம். உருண்டு உருண்டு வந்து, நின்று, மறுபடி உருண்டது. தெருவில் கதவுகள் திறந்தன. யாரோ, மலை என்றார்கள்.

மகள் வாளியைப் போட்டுவிட்டுத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். எந்த வயதானாலும் பயம் வந்தால் முதலில் பார்க்கிற முகம் அதுதானே. பார்த்தவள் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு ஓட ஆரம்பித்தாள்.

டைரியக்காவுக்கு அந்த ஒரு கணத்தில் நடந்தது இதுதான்: அப்பாடா என்று இருந்தது. பல மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப் போனது. வந்துவிட்டது, கடைசியில் வந்தேவிட்டது என்று உடம்பெல்லாம் குளிர்ந்தது. அதற்கு அப்புறம்தான், கையில் பிழிந்த துணியோடு, மேலே யார் இருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. செருப்பில்லாமல் கேட்டு வரை ஓடியிருந்தாள்.

கேட்டுக்காரர் மகளைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். மலை இல்லையம்மா, ஏரி ரோட்டில் பாறைக்கு வெடி வைக்கிறார்கள், நேற்றே மைக் கட்டிச் சொன்னார்களே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கே கொடி பிடித்துக்கொண்டு நின்றதே உன் அப்பாதான் என்றார். மகள் தண்ணீரைக் குடித்தாள். அம்மா வந்ததைப் பார்த்து எழுந்தாள். இருவரும் வீட்டுக்கு வரும் வழியில் தெருவெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது, பயந்துவிட்டு அசடு வழிகிறவர்கள் சிரிப்பு.

நாலு மணிக்கு மருமகன் வேன் நிறைய ஜன்னல் சட்டங்களோடு வந்து இறங்கினான். கை எல்லாம் சிராய்ப்பு, முகம் எல்லாம் சிரிப்பு. மேலே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது அத்தை, ஏரி இன்றைக்கு என்ன நிறம் தெரியுமா என்று சொல்லிக்கொண்டே போனான். வேலை முடிந்து வந்த மேஸ்திரி அவனுக்குக் கை கொடுத்து, சட்டங்களைச் சுவரோரம் ஒவ்வொன்றாகச் சாய்த்தார். மகள் பின்னறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஆண்கள் அடுத்த சட்டத்தை எடுக்க வேனுக்குப் போனதும் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"சத்தம் கேட்டப்போ உனக்குச் சந்தோஷமா இருந்துச்சாம்மா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயத்தில் முகம் அப்படிக் கோணிப்போயிருக்கும் என்று சொல்லியிருந்தாலும் போதும். மகள் நம்பியிருப்பாள், நம்பத்தான் ஆசைப்பட்டாள். டைரியக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு நொடி இருந்துச்சு" என்றாள்.

மகள் தலையை ஆட்டினாள். மழைக்கு முன்னால் பேச்சை நிறுத்தியதற்குப் பிறகு, அவள் அம்மாவிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.